நீலத்துக்கு இரண்டு தொட்டி

லாரியிலிருந்து இறக்கிய தகர டப்பாக்களை மேஸ்திரி காலால் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டு வந்தார். எல்லாம் ஊமைப்படங்கள். பேசும்படம் வந்து பதினான்கு வருஷம் ஆகிவிட்டது. அத்தனை காலமும் ஏதோ ஒரு விநியோகஸ்தரின் கிடங்கில் சீந்துவாரில்லாமல் கிடந்தவை, கிடங்கை இடிக்கப்போகிறார்கள் என்றதும் பட்டறைக்கு வந்து சேர்ந்துவிட்டன.

பட்டறையில் நடப்பது இதுதான். பழைய படச்சுருளைச் சூடான காரத்தண்ணீரில் ஊறப்போட்டு, அதன்மேல் படிந்திருக்கும் படத்தை உரிப்பார்கள். உரிந்த கசடு தொட்டியின் அடியில் தங்கும். அதை வேறோர் இடத்துக்கு அனுப்பி உருக்கினால் வெள்ளி. மிஞ்சுகிற வெற்று நாடா சீப்புக்கும் பொத்தானுக்கும் போகும்.

"ஊர்ல எவ தலை வாரினாலும் சரி, ஏதாவது ஒரு கதாநாயகி அவ தலையில ஏறி இறங்குறா" என்பாள் கத்திரி.

கத்திரி, பிரிக்கும் மேசையில் வெட்டுகிறவள். கையில் இருப்பது போதாதென்று வாயிலும் ஒன்று வைத்திருந்ததால் அந்தப் பெயர். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, கைப்பிடியைச் சுற்றிச் சுருளைப் பிரித்துக் கொடுப்பவள் கண்ணாடியக்கா. வயது நாற்பத்திரண்டு. எப்போதும் கறுப்புக் கண்ணாடி. வெல்டிங் பொறி பட்டுக் கண் போய்விட்டதாக யாரோ கிளப்பிவிட்டார்கள், அவளும் மறுக்கவில்லை. கண் முழுக்கப் போய்விடவில்லை. ஆள் நடமாட்டம் தெரியும், நிறம் தெரியும், கிட்டத்தில் வந்தால் முகமும் தெரியும். நகத்தளவு எழுத்தோ படமோதான் தெரியாது.

அந்த மேசைக்கு நிறம் தெரிந்தால் போதும். ஊமைப்படம் என்றால் கறுப்பு வெள்ளை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் காலத்தில் காட்சிக்குக் காட்சி சாயத்தில் தோய்த்து, மஞ்சள், நீலம், சிவப்பு என்று துண்டு துண்டாக ஒட்டித்தான் ஒரு சுருளை உண்டாக்கினார்கள். கத்திரி ஒட்டு இருக்கும் இடத்தில் வெட்டி நிறவாரியாகக் குவியலில் எறிவாள். வெள்ளையும் மஞ்சளும் நேரே காரத்தொட்டிக்குப் போகும். நீலமும் சிவப்பும் முதலில் சாயம் போக்கும் தொட்டியில் ஊற வேண்டும், பிறகுதான் காரம். புதிதாக வருகிறவளுக்கு முதல் நாள் சொல்லித்தருவது, "நீலத்துக்கு ரெண்டு தொட்டி, மறந்துடாதே" என்பதுதான். எந்த நிறம் எதற்காக என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. படச்சுருள் சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதால் கூடத்தில் விளக்கே கிடையாது. சூரியன் இருக்கும் வரைதான் வேலை.

அன்று சாயங்காலம் வேலை முடிய அரைமணி இருந்தது. கத்திரி மறுநாளைக்கான டப்பாக்களை அடுக்கிக்கொண்டே மேலே ஒட்டியிருந்த சீட்டுகளைச் சத்தமாகப் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தாள்.

"நாற்பத்தோராம் கைதி. ஆறு சுருள். பாக்கி நாப்பது பேரும் தப்பிச்சிட்டாங்க போல."

கண்ணாடியக்காவின் கை கைப்பிடியிலேயே நின்றுவிட்டது.

"என்னக்கா, கை பிடிச்சுக்கிச்சா?"

"அந்தப் பேரை இன்னொரு தடவை படி."

"நாற்பத்தோராம் கைதி. ஏன், நீ பாத்த படமா?"

"இல்ல" என்றாள் கண்ணாடியக்கா. பொய் இல்லை. அந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லை. அதில் கதாநாயகியாக நடித்தது மட்டும்தான் அவள்.

நடித்துப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. அப்போதெல்லாம் நடிப்பவர்களுக்கு முழுக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். இங்கே அழு, அங்கே ஓடு, இப்போது மயங்கி விழு என்று டைரக்டர் குழாய் வைத்துக் கத்துவார். அது எதற்கு முன்னால் வருவது, எதற்குப் பின்னால் வருவது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். ஒரு வீட்டு வாசற்படியில் தாய் தன் கைக்குழந்தையை வைத்துவிட்டு ஓடவேண்டிய காட்சி வந்தது. சொல்லிவைத்திருந்த குழந்தைக்குக் கக்குவான் இருமல். "வெளியில எதுக்குத் தேடணும்? உங்க வீட்டுலயே ஒண்ணு இருக்கே" என்றார் டைரக்டர். அவளுக்கு அப்போது ஏழு மாதப் பெண் குழந்தை. படத்தின் கேமராமேன் வேறு யாருமில்லை, குழந்தையின் அப்பா.

உச்சி வெயில். வெளிச்சம் இன்னும் வேண்டுமென்று வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளை நாலாப்பக்கமும் நிறுத்தியிருந்தார்கள். வாசற்படியில் கையை வைத்தால் சுட்டது. மூன்று தடவை எடுத்தார்கள். அன்று சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஆறாம் நாள் போய்விட்டது.

அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கு அவள் கணவனைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "டைரக்டர் இன்னொரு தடவைன்னு கேட்டா, நீங்க முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்." அதன் பிறகு அந்த வீட்டில் குழந்தையைப் பற்றி யாரும் வாயைத் திறந்ததில்லை. அவளுக்குக் கேமரா முன்னால் அழுகை வராமல் போயிற்று. அழுகை வராத கதாநாயகியை வைத்துக்கொண்டு ஊமைப்படத்தில் என்ன செய்வது? சின்னச் சின்ன வேஷங்களுக்குத் தள்ளினார்கள். பெரிய ஆர்க் விளக்குகளுக்குக் கீழே இரண்டு வருஷம் நின்றதில் கண் கெட்டது. அப்புறம் பேசும்படம் வந்தது, கணக்குத் தீர்ந்தது.

குழந்தையை யாரும் போட்டோ எடுத்திருக்கவில்லை. கேமராமேன் வீடு, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆக, அந்தக் குழந்தையின் முகம் இந்த உலகத்தில் எங்காவது இருக்கிறதென்றால், அது கத்திரி அடுக்கிவைத்த அந்த ஆறு டப்பாக்களில் ஒன்றில்தான்.

வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. கணவர் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே கழுவும் இருட்டறையில் வேலை பார்த்தார். இருவர் கையிலும் மருந்து வாடை. யாருடையது எது என்று அக்கம்பக்கத்தில் பிரித்துச் சொல்லமுடியாது.

"இன்னைக்கு ஒரு ஆளு சாவியை முழுங்கிட்டு வந்தாரு" என்றார் சாப்பிடும்போது.

"எதுக்காம்?"

"பொண்டாட்டி பெட்டியைத் திறந்துடக்கூடாதுன்னாம். எக்ஸ்ரேல பளிச்சுனு தெரியுது, பல்லு பல்லா. அந்தம்மா வெளியில நின்னுக்கிட்டு, இனிமே பெட்டிக்குப் பதிலா இவரைத்தான் திறக்கணும்ங்கிறாங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபோது கேட்டுவிடலாம் என்று தோன்றியது. நாற்பத்தோராம் கைதி வந்திருக்கிறது, எந்தச் சுருளில் தேடட்டும்? கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிகிற விஷயம்.

"ஏங்க."

"ம்?"

அவர் முகம் அவளுக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த 'ம்' பதினெட்டு வருஷப் பழக்கமுள்ள 'ம்'. எந்தப் பேச்சு எங்கே போய் முட்டும் என்று தெரிந்து முன்கூட்டியே ஒதுங்கிக்கொள்கிற 'ம்'.

"உப்பு போதுமா?"

"போதும்."

கையில் கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள். சொல்லக்கூட வேண்டாம், மேசைமேல் வைத்தால் போதும்.

மறுநாள் காலை ஆறு சுருளும் பிரிந்தன. கண்ணாடியக்கா கைப்பிடியை வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றினாள். நாடா அவள் விரல்களுக்கு நடுவே ஓடியது. ஓரத்துளைகள் நகத்தில் கிர் கிர்ரென்று உரசின. கத்திரி வெட்டினாள், எறிந்தாள், வெட்டினாள், எறிந்தாள். மதியத்துக்கு முன்னால் நான்கு குவியலும் தராசில் ஏறி எடை எழுதியாயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் அவள் மேஸ்திரியிடம் போய் நின்றாள். மேஸ்திரி கெட்டவர் இல்லை. ஆனால் கூட்டம் இருந்தால் கொஞ்சம் கூத்தும் வேண்டும் அவருக்கு.

"அண்ணே, ஒரு விஷயம்."

"லீவுன்னா இல்ல."

"லீவு இல்லண்ணே. காலையில பிரிச்ச கைதி படத்துல ஒரு துண்டு வேணும்."

"எதுக்கு, ரிப்பன் கட்டிக்கவா?"

"அதுல நடிச்சது நான்."

சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். மேஸ்திரி அவளை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார்.

"நான் அந்தப் படத்தை மூணு தடவை பாத்திருக்கேன், தெரியுமா? அதுல ஒரு குதிரை வரும்."

"புயல்."

"ஆங், புயல்! என்ன குதிரை அது! பாலம் உடையும்போது ஒரே தாவு. அது செத்தப்போ பேப்பர்லயே போட்டிருந்தான்."

"ஆமாண்ணே, போட்டிருந்தாங்க."

"குதிரை அப்படியே கண்ணுல நிக்குது. பொம்பள யாருன்னுதான் சுத்தமா ஞாபகம் இல்ல."

"நான்தாண்ணே."

"அப்படி ஆளாளுக்குச் சொல்லலாமே. நானே அந்தக் குதிரைன்னு சொன்னா நம்புவியா?"

பெண்கள் சிரித்தார்கள். தொட்டியில் துழாவுகிற பெண் ஒருத்தி, "அழச் சொல்லுங்கண்ணே! ஊமைப்படத்துல அழுகையைத் தவிர அவளுங்களுக்கு வேற என்ன வேலை?" என்றாள்.

"சரிதான். அழு பாப்போம். நிஜமாவே நடிச்சவன்னா அழுதுடுவே."

கத்திரி மட்டும், "வேணாம்ணே, பாவம்" என்றாள். யாரும் கேட்கவில்லை.

கண்ணாடியக்கா கண்ணாடியைக் கழற்றினாள். வெளிச்சம் ஊசிபோல் குத்தியது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்து, முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சம் விழும்படி திரும்பி நின்றாள். இது அவள் யோசித்துச் செய்ததல்ல, உடம்பு தானாகத் திரும்பிக்கொண்டது. பிறகு டைரக்டரின் எண்ணிக்கையை மனசுக்குள் ஓடவிட்டாள். ஒன்று, கீழுதடு. இரண்டு, மூச்சு. மூன்று, பார்வை தரையிலிருந்து மேலே வரவேண்டும். நான்காவதில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐந்திலும் ஆறிலும் ஒன்றும் வரவில்லை. கண் காய்ந்தே கிடந்தது. இங்கேயும் வராமல் போய்விடுமோ என்ற பயத்தில், பதினெட்டு வருஷமாகத் தொடாமல் வைத்திருந்த ஒன்றைத் தொட்டாள். ஏழு மாதக் குழந்தையின் உச்சந்தலை வாசனை. எட்டாவது எண்ணுக்கு வலது கண்ணிலிருந்து ஒரு துளி புறப்பட்டுக் கன்னத்தின் நடுவாக இறங்கியது. அப்புறம் எண்ணிக்கை நின்றுபோயிற்று, அழுகை நிற்கவில்லை.

ஒருத்தி கை தட்டினாள். கூடவே யாரும் தட்டாததால் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

"போதும், போதும்" என்று மேஸ்திரி வேறு பக்கம் பார்த்தார். "கண்ணாடியைப் போடு முதல்ல. இத பாரு, ஒரே ஒரு துண்டு. அதுவும் ஒரே குவியல்ல இருந்து. எடையெல்லாம் எழுதியாச்சு. ஒரு குவியல் குறைஞ்சா ஈரம் காஞ்சுதுன்னு சொல்லிக்கலாம். ரெண்டுல குறைஞ்சா என் சீட்டு கிழிஞ்சிடும். வாசல்ல மாட்டினா நான் குடுக்கல, தெரியுதா?"

"தெரியுதுண்ணே."

குவியல்களுக்கு முன்னால் கத்திரி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கேலிக்காரிக்குக் குரல் இறங்கியிருந்தது.

"ஏங்க்கா, இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லல. உன் மூஞ்சி உள்ள துண்டா வேணும்?"

"என் மூஞ்சி வேணாம். என் குழந்தை இருக்கா அதுல. ஏழு மாசம். அதுக்கப்புறம் இல்ல."

கத்திரி குவியல்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "எந்தக் கலரு?" என்றாள்.

கண்ணாடியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மூடினாலும் அந்த வெயில் அப்படியே இருந்தது. பலகைகள் நாலும் எரிந்தன. படி சுட்டது. குழந்தையின் பூனைமுடிகூடப் பொன்னாக மின்னியது. நினைவில் வேறு நிறமே இல்லை.

"மஞ்சள்" என்றாள். "நல்ல வெயில்ல எடுத்தது. மஞ்சள்லதான் இருக்கும்."

மஞ்சள் குவியலில் முப்பது துண்டாவது இருக்கும். கத்திரி ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். நகத்தளவு படம். அதில் மனுஷர்கள் அரிசி அளவு. "இது குதிரை… இதுவும் குதிரை… இது யாரோ தாத்தா சுருட்டு குடிக்கிறாரு… திரும்பவும் அந்தப் பாழாப்போன குதிரை." மணி அடிக்கச் சிறிது நேரமே இருந்தது. "இரு, இரு. இதுல ஒரு பொம்பள. நீயான்னு தெரியல, தலையில துணி போட்டிருக்கா. கையில என்னமோ வச்சிருக்கா. மார்போட சேத்து. துணியில சுத்தின மாதிரி இருக்கு."

"வாசப்படி தெரியுதா?"

"பின்னாடி சுவர் இருக்கு. கல்லு மாதிரி… படியாத்தான் இருக்கும். பொம்பளையும் துணிச்சுத்தும் வேற எதுலயும் இல்லக்கா. இதுதான்."

இதுதான் என்றாள் கண்ணாடியக்காவும். கையில் வந்து விழுந்த அந்தச் சுருளை இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றி மேல்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மணி அடித்தது.

மதியத்துக்கு மேல் பிரிக்கும் மேசைக்காரிகளுக்குத் தொட்டி வேலை. அன்று அவளுக்கு நீலம். சாயம் போக்கும் தொட்டியில் கொட்டி, மரத்துடுப்பால் அமுக்கி, நீலம் தண்ணீரில் புகைபோல் பிரிந்து போகிற வரை புரட்டினாள். பிறகு வாரியெடுத்துக் காரத்தொட்டியில் போட்டாள். நாடாக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மேலே மிதந்து வரும். விடாமல் அமுக்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் பாலாடைபோல் படம் தனியே கழன்று, சாம்பல் நிறத்தில் கிழிந்து, அடியில் போய்ச் சேரும். அவள் அன்று சுறுசுறுப்பாக வேலை செய்தாள். இடுப்பிலிருந்த நாடாவின் ஓரம் தோலில் கீறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கீறலுக்கும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"மெதுவாக்கா, தொட்டி உடைஞ்சிடப்போவுது" என்றாள் பக்கத்துத் தொட்டிக்காரி.

வாசலில் காவல்காரர் பையைத் திறந்து பார்த்தார், கையைத் தட்டிப் பார்த்தார், போ என்றார். அவள் மூன்று மாடியும் நிற்காமல் ஏறினாள்.

கணவர் அன்று சீக்கிரமே வந்திருந்தார். ஜன்னலில் இன்னும் வெயில் மிச்சமிருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் இடுப்பிலிருந்து உருவி மேசைமேல் வைத்தாள். அவருக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை; பார்த்த உடனே எழுந்து நின்றார்.

"ஏது இது?"

"நாற்பத்தோராம் கைதி. பட்டறைக்கு வந்துச்சு. ஆறு சுருளும்."

அவர் நாடாவை ஓரங்களில் மட்டும் பிடித்து ஜன்னலுக்குக் கொண்டுபோனார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடி. விரல்களால் ஒவ்வொரு சாணாக நகர்த்திக் கடைசி வரை போனார். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"தெரியறாளா?" என்றாள் அவள்.

அவர் நாடாவை இன்னும் ஒரு சாண் நகர்த்தினார்.

"ஏங்க, தெரியறாளா?"

"இது துணி மூட்டை."

"என்னது?"

"ஜெயில்ல நீ துணி துவைக்கிற சீன். அழுக்குத் துணியைத் தூக்கிக்கிட்டு முற்றத்தைத் தாண்டுற. இதுல இருக்கிறது அவ்வளவுதான்."

"இல்ல, கத்திரி பாத்தா. துணியில சுத்தியிருக்குன்னு சொன்னா."

"துணியிலதான் சுத்தியிருக்கு. உள்ளேயும் துணிதான்."

அவள் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். "அப்போ மஞ்சள்ல வேற துண்டுல இருக்கும். மஞ்சளை இன்னும் போடல, நாளைக்குத்தான். நான் மேஸ்திரி கால்ல விழுந்தாவது…"

"மஞ்சள்ல இருக்காது." அவர் குரல் அவளுக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "அவ வர்ற சீன் நீலம்."

"வெயில்ல நின்னேங்க நான். நீங்களும்தானே நின்னீங்க."

"வெயில்லதான் எடுத்தோம். கதையில அது நடுராத்திரி. வாசல்ல குழந்தையை வச்சிட்டு இருட்டுல ஓடுறா. ராத்திரின்னா நீலம்தானே?"

அவளுக்குத் தெரியாத சங்கதியா அது? பதினேழு வயதில் ஸ்டூடியோவுக்குள் கால் வைத்த முதல் வாரமே தெரிந்துகொண்டது. பகலில் எடுத்து நீலத்தில் தோய்த்தால் ராத்திரி. எத்தனை ராத்திரிகளை அப்படி வியர்க்க விறுவிறுக்க நடித்திருக்கிறாள்! நாலு வருஷமாக அதே நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, நீலம் என்றால் இரண்டு தொட்டி என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றாமல் போய்விட்டது.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். காரம் தின்ற விரல்நுனிகள் மங்கலாக, வெளுப்பாகத் தெரிந்தன.

"நீலத்தை நான்தான் போட்டேன்" என்றாள். "மதியானம். மேல மேல வந்துச்சு. அமுக்கி அமுக்கிப் போட்டேன்."

அவர் நாடாவைச் சுருட்டி மேசைமேல் வைத்தார். அவிழ்ந்துகொண்டது. திரும்பவும் சுருட்டினார்.

வெயில் ஜன்னலிலிருந்து எதிர்ச்சுவருக்கு ஏறிய பிறகுதான் அவள் மறுபடி பேசினாள். "அது நீலம்னு நீங்க எப்படி இவ்வளவு நிச்சயமா சொல்றீங்க? சாயம் போடுறது நீங்க இல்லையே."

"படம் பாத்தேன்."

"எப்போ?"

"ஓடின வரைக்கும். இருபத்தாறு நாள்."

அவள் நிமிர்ந்தாள். அந்த மாதம் முழுவதும் அவர் காலையில் போய் இருட்டியபின் திரும்பினார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பிடிக்கவில்லை.

"மூணு தடவை எடுத்தீங்களே. படத்துல வந்தது எது?"

அவர் பூதக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"முதல் தடவை எடுத்தது."

"அப்போ மத்த ரெண்டும் எதுக்கு?"

"வெளிச்சம் சரியா விழுந்துச்சான்னு எனக்கு ஒரு சந்தேகம். எனக்கு எப்பவும் சந்தேகம்தான், உனக்குத் தெரியும். டைரக்டர் போதும்னு சொல்லிட்டார். நான்தான் இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு கேட்டு வாங்கினேன்."

பதினெட்டு வருஷமாக அவள் அவரைக் குற்றம் சொன்னது, முடியாது என்று சொல்லாததற்காக. இப்போது தெரிகிறது, மறுபடி எடுக்கச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. அவர் அதைத் திருத்தாமல், கொஞ்சம் குறைவான அந்தக் குற்றத்துக்குள்ளேயே இத்தனை காலம் குடியிருந்திருக்கிறார். எழுந்து கத்தவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் உடம்பில் அதற்கான தெம்பு இல்லை. அதோடு, மதியம் துடுப்பைப் பிடித்திருந்தது அவருடைய கை இல்லை.

"என்ன பண்றா அதுல?" என்று கேட்டாள்.

அவர் உடனே சொல்ல ஆரம்பித்துவிட்டார். தினம் தினம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

"உன் தோள்ல தலை சாஞ்சிருக்கு. மூஞ்சி என் பக்கம். ஒரு கையை வாயில போட்டிருக்கா. நீ குனிஞ்சு படியில வைக்கும்போது ரெண்டு காலையும் தூக்குறா. நீ ஓடிடுற. அவ மட்டும் இருக்கா. பதினோரு செகண்டு."

"அழறாளா?"

"இல்ல. நேரா கேமராவையே பாக்குறா. வெயில் அடிக்குதுல்ல, கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பாக்குறா. கும்மிருட்டு ராத்திரி, குழந்தை கண்ணு கூசிக்கிட்டு இருக்கு. தியேட்டர்ல ஒருத்தனுக்கும் அது உறைக்கல."

"உங்களைத்தான் பாத்திருக்கா."

"ம்."

இந்த 'ம்' வேறு மாதிரி இருந்தது. அவள் கையை நீட்டித் தொட்டிருக்கலாம். நீட்டவில்லை. வெகுநேரம் கழித்து அவர், "இதை வீட்டுல வைக்கக்கூடாது. பத்திக்கும்" என்றார்.

"காலையில எடுத்துட்டுப் போயிடறேன்."

உள்ளே வருகிறவர்களைக் காவல்காரர் சோதிப்பதில்லை. மறுநாள் கண்ணாடியக்கா எல்லோருக்கும் முன்னால் கூடத்துக்குள் நுழைந்து, இடுப்பிலிருந்ததை உருவி, மஞ்சள் குவியலில் போட்டாள். எடை இப்போது சரியாக இருக்கும்.

கத்திரி ஓட்டமும் நடையுமாக வந்து எதிரே உட்கார்ந்தாள். "என்னக்கா, மாமா பாத்தாரா? பாப்பா தெரிஞ்சுதா?"

கண்ணாடியக்கா புதுச் சுருளைக் கம்பியில் மாட்டினாள். கிட்டத்தில் வந்த கத்திரியின் முகம் அவளுக்குத் தெரிந்தது. இரவெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்த முகம்.

"தெரிஞ்சுது."

"நான்தான் சொன்னேன்ல! இந்தக் கண்ணு தப்பாது. எப்படி இருந்தா?"

"கண்ணைச் சுருக்கிக்கிட்டு இருந்தா. வெயில்ல."

"அச்சச்சோ. கூசியிருக்கும், பாவம்."

"ஒரு கை வாயில. கீழ விடும்போது ரெண்டு காலையும் தூக்கிக்கிட்டா." அவள் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள். கேட்காமலேயே மேலும் சொன்னாள். "அழல. அழவே இல்ல. யாரோ பேசுறதைக் கேக்குற மாதிரி பாத்துட்டு இருந்தா. பதினோரு செகண்டு."

அப்புறமும் சொல்ல இருந்தது. ஆனால் மேஸ்திரி அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். கத்திரி அதற்குள் அடுத்த டப்பாவைக் கையில் எடுத்து, மேலே இருந்த சீட்டை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.